பிள்ளை வந்த பதினாறு பக்கம்

பதிப்பகத்தில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். வைத்தவர் யார் என்று தெரியாது, ஆனால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஒல்லி உடம்பு, சின்னத் தலை, எதைக் கண்டாலும் குத்துகிற குணம். முப்பத்தோரு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் முதலில் பிழையைச் சொல்வாள், பிறகுதான் வாழ்த்துவாள். எதிர்வீட்டுக் கதவில் ‘வாடகைக்கு விடபடும்’ என்று ஒட்டியிருந்த தாளைக்கூட விடவில்லை. சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரர் அவளோடு பேசுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது.

பம்பு செட் பழுதுபார்க்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது பதிப்பகம். கீழே மோட்டார் ஓடினால் மேலே மேஜையில் பேனா நடக்கும். பதிப்பாளருக்கு ஒரு பைத்தியம் உண்டு. யாரும் ஞாபகம் வைத்திராத பழைய நாவல்களைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சடிப்பார். பழைய பேப்பர் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிளறி, தூசியில் தும்மிக்கொண்டே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்ததுதான் ‘தகரப் பெட்டி’. எழுபது வருடத்துக்கு முந்திய நாவல். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு பள்ளி ஆசிரியை’ என்று மட்டும் இருந்தது. வேறு பிரதி எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை.

பழைய புத்தகத்தை மறுபடி அச்சுக் கோப்பதில் ஒரு முறை உண்டு. புதிதாக அடித்த தாளைத் தனியாகப் பார்த்தால் போதாது. ஒருவர் பழைய பிரதியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கால்புள்ளி அரைப்புள்ளியோடு. இன்னொருவர் புதுத் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். குண்டூசிக்குப் படித்துக் கொடுப்பது அவள் நாத்தனார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் ‘எந்த எண் வேண்டும்’ என்று கேட்டுக் கேட்டு மெருகேறிய குரல். ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். காலையில் அண்ணன் நடக்கக் கிளம்பியதும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

குண்டூசிக்கு ஒரே ஒரு சட்டம்தான். எழுத்தைப் படிக்க வேண்டும், கதையைப் படிக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாவலில் கதாநாயகன் சாகிற இடத்தில் இவள் அழுதுகொண்டே திருத்தினாள். ‘இறந்தான்’ என்பது ‘இருந்தான்’ என்றே அச்சாகிவிட்டது. இருந்தவனை அடுத்த பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து புதைத்தார்கள். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கதையையும் அவள் உள்ளே விட்டதில்லை. ஆயிரம் நாவல் திருத்தியிருப்பாள். ஒன்றின் கதைகூடச் சொல்லத் தெரியாது.

நாத்தனார் அப்படியில்லை. கதை என்றால் அவளுக்கு உயிர்.

‘தகரப் பெட்டி’யில் தொண்ணூற்றாறாம் பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பியபோதே அவள் ஒருமுறை நின்றாள்.

“அண்ணி, அடியில சின்னதா ஒரு எழுத்து இருக்கு. க, கோடு, ஏழு.”

“அது பைண்டிங் பண்றவங்களுக்கு. விடு.”

“இதுவரைக்கும் த, கோடு, அஞ்சு, த, கோடு, ஆறுன்னுதானே வந்துச்சு?”

“புதுப் புத்தகத்துல அது வராது. விடும்மா, மேல படி.”

நாத்தனார் படித்தாள். நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் மறுபடி நின்றாள்.

“அண்ணி, இந்தப் பிள்ளை எங்கேயிருந்து வந்துச்சு?”

“எந்தப் பிள்ளை?”

“டீச்சர் கையில பிள்ளை இருக்கு. அப்பா பார்க்கிறார். எப்போ பொறந்துச்சு, யார் பிள்ளை, ஒண்ணுமே சொல்லலியே.”

“உனக்கு எதுக்கு ஊர்ப் பிள்ளை? எழுத்தைப் படி.”

நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அதாவது, வாயைத் திறந்து எழுத்தை மட்டும் படித்தாள். அன்றைக்கு நாற்பத்தெட்டுப் பக்கம் முடித்தார்கள். ஒரு புள்ளி பிசகவில்லை. குண்டூசி திருப்தியாக எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள்.

புத்தகம் வந்தது. வந்த மூன்றாம் வாரம், பேர்பெற்ற விமர்சகர் ஒருவர் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு முழுப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டார். டீச்சர் வேறு ஊரில் வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு ரயிலுக்குக் காத்திருக்கிறாள். ‘வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் கடல் இருந்தது என்பது ஒன்றே அவளுக்குப் போதும்.’ ரயில் நிலையத்திலிருந்து ஒரே வரியில் கடற்கரைக்குப் பாய்ந்துவிட்டாரே என்று வியந்திருந்தார் விமர்சகர். அங்கே அவள் ஒரு விடுதி நடத்துகிறாள், படுக்கை விரிக்கிறாள், சிரிக்கிறாள். யாரோ கதவைத் தட்ட, போய்த் திறக்கிறாள். அப்பா நிற்கிறார். இவள் இடுப்பில் பிள்ளை. அது எங்கிருந்து வந்தது என்று ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘அந்த மௌனம்தான் இந்த நாவலின் சிகரம். எழுபது வருடம் முன்பு இப்படி எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்’ என்று முடித்திருந்தார். பதிப்பாளர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இரண்டாம் பதிப்புக்குத் தாள் சொல்லியாகிவிட்டது.

அந்தக் கட்டுரை வந்த பத்தாம் நாள், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இரண்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ‘தகரப் பெட்டி’. நாற்பது வருடம் மருந்துக் கடை நடத்தியவர் என்று பிற்பாடு தெரிந்தது. பேச்சிலும் அது இருந்தது. சுற்றி வளைக்காமல், எந்த மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற பேச்சு.

“இதைத் திருத்தினது யாரு?”

பதிப்பாளர் பெருமையோடு குண்டூசியைக் காட்டினார். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

“நடுவுல கொஞ்சம் விட்டுப்போச்சு,” என்றார் மருந்துக்கடை அம்மா.

குண்டூசிக்குச் சுருக்கென்றது. “ஒரு எழுத்துகூட விடலை அம்மா. பழைய பிரதியை வச்சு வரிக்கு வரி பார்த்திருக்கோம்.”

“எழுத்தை விடலை. என்னைத்தான் விட்டுட்டீங்க.”

நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்தார்கள். அவர் சொன்னது இதுதான். அந்தப் பள்ளி ஆசிரியை அவருடைய அம்மா. பெற்ற அம்மா இல்லை, ரயில் நிலையத்தில் கண்டெடுத்து வளர்த்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அம்மா இறந்துபோனார். அதற்குமுன் பிள்ளை கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்வாராம். ‘நீ எப்படி வந்தேன்னு புத்தகத்துல எழுதி வச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் படி.’ வீட்டில் இருந்த ஒரு பிரதியையும் பள்ளித் தலைமையாசிரியை படிக்க வாங்கிப் போனார், வாங்கிப் போனவர் போனவர்தான். பிள்ளை வளர்ந்துவிட்டது, கிழவியும் ஆகிவிட்டது, புத்தகம்தான் வரவில்லை.

“எங்க சித்தி இருந்தாங்க. அம்மாவோட தங்கச்சி. நான் கல்யாணமாகிப் போற வரைக்கும் ஒரே பாட்டு. உன்னாலதான் உங்கம்மா வண்டியைத் தவறவிட்டா. அன்னைக்குப் போயிருந்தா பெரிய பள்ளிக்கூடத்துல பெரிய வேலை. நீ குறுக்க வந்து விழுந்தே, அவ அப்படியே நின்னுட்டா. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவ நான். இந்தப் புத்தகம் வந்திருக்குன்னு பேப்பர்ல பார்த்ததும் கடைக்குப் போனேன். வாங்கிட்டுப் போய் ராவோட ராவா படிச்சேன். அம்மா சந்தோஷமா கடற்கரையில இருக்கா. தனியா. நான் இல்லாம. அப்புறம் திடீர்னு நான் அவ இடுப்புல இருக்கேன். எப்படி வந்தேன்னு எழுதின இடம் மட்டும் இல்லை.”

பதிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாவல் என்பது கற்பனை, எழுதுகிறவர்கள் சிலதைச் சொல்லாமல் விடுவார்கள் என்று ஆரம்பித்தார். சுவரில் மாட்டிய கட்டுரையைக்கூட ஒருமுறை துணைக்குப் பார்த்துக்கொண்டார்.

“அவ எங்கிட்ட பொய் சொன்னவ இல்லை, தம்பி,” என்றார் அந்த அம்மா. “எழுதியிருக்கேன்னா எழுதியிருப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் வேணும்னு வந்தவளா, வந்து ஒட்டிக்கிட்டவளா, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான்.”

போகும்போது மருந்துக் கவர் ஒன்றின் பின்னால் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனார். எண்களைக்கூட எத்தனை வேளை என்று எழுதுவதுபோல இடைவெளி விட்டு எழுதியிருந்தார்.

குண்டூசி அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய பிரதியை எடுத்துத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நடந்ததை நாத்தனாரிடம் சொன்னாள். ‘அன்னைக்கே கேட்டேனே’ என்று அவள் சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாத்தனார் சொல்லவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அடியோரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே புரட்டினாள். அவள் சொல்லாமல் விட்டதுதான் குண்டூசிக்குத் தாங்கவில்லை.

“இங்க பாருங்க அண்ணி. பதினாறு பக்கத்துக்கு ஒரு தடவை வருது. த ஒண்ணு. த ரெண்டு. த மூணு.”

இது குண்டூசிக்குத் தெரியாததா என்ன. பெரிய தாளில் பதினாறு பக்கம் ஒன்றாக அடித்து மடிப்பார்கள், அதற்கு ஃபாரம் என்று பெயர். எந்தப் புத்தகத்தின் எத்தனையாவது ஃபாரம் என்று கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றின் முதல் பக்கத்து அடியிலும் புத்தகத்தின் முதல் எழுத்தும் எண்ணும் போடுவார்கள். தகரப் பெட்டிக்கு த. தெரிந்த விஷயம் என்பதால்தான் பார்க்காமல் விட்டாள்.

த நாலு, த அஞ்சு, த ஆறு. அப்புறம் க ஏழு. அதற்கப்புறம் த எட்டு.

பக்க எண் தொடர்ந்து வருகிறது. எழுத்து ஒரே அச்சகத்து எழுத்து. ஆனால் தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை வேறு ஏதோ ஒரு புத்தகம். எழுபது வருடம் முன்பு, இரண்டு நாவலும் ஒரே நேரத்தில் கட்டுக்கு வந்திருக்கின்றன. கட்டியவர் பசியிலோ தூக்கத்திலோ ஃபாரத்தை மாற்றி வைத்துவிட்டார். டீச்சர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தாள், எழுந்தபோது வேறு ஒருத்தியின் விடுதியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினாறு பக்கத்திலும் பெயர் கிடையாது, வெறும் ‘அவள்’தான். டீச்சர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தவளுக்கு அது தெரியவில்லை. படித்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து கேட்டும் இருக்கிறாள்.

குண்டூசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதாள்.

“நீ அன்னைக்கே சரியா பிடிச்சே. நான்தான் உன் வாயை அடைச்சேன்.”

“நான் பிழை எதையும் பிடிக்கலை அண்ணி. பிள்ளை எங்கேயிருந்து வந்துச்சுன்னுதான் கேட்டேன். யாரா இருந்தாலும் கேட்பாங்க.”

“நான் கேட்கலையே.”

நாத்தனார் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு யோசித்தது இரண்டு பேரும்தான். க ஏழு இங்கே வந்துவிட்டதென்றால், த ஏழு அங்கே போயிருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் க எது? பழைய பிரதியின் கடைசித் தாளில் ‘எங்களிடம் கிடைக்கும் பிற நாவல்கள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. க-வில் தொடங்குவது ஒன்றே ஒன்று. ‘கரையோர விடுதி’.

பதிப்பாளரிடம் சொன்னபோது அவர் முதலில் சுவரைத்தான் பார்த்தார்.

“அப்போ அந்த மௌனம்?”

“பைண்டிங் மௌனம் சார்,” என்றாள் குண்டூசி.

“விமர்சகருக்கு என்ன பதில் சொல்றது? ஒரு பக்கம் எழுதியிருக்கார், ஒரு பக்கம்.”

“அவர் இன்னொரு பக்கம் எழுதுவார். இதைத் திருத்தினது நான். பேரைச் சொல்லணும்னா என் பேரைச் சொல்லுங்க.”

கீழே மோட்டார் ஓடியது, மேஜையில் பேனா நடந்தது. பதிப்பாளர் எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் தரையில் சாய்த்து வைத்தார். இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்தார். பழைய நாவல் பைத்தியம் பிடித்த மனிதர்களிடம் இந்த ஒரு நல்ல குணம் உண்டு. கடைசியில் நாவல் பக்கம்தான் நிற்பார்கள்.

இனிமேல் நாத்தனாரின் ராஜ்ஜியம். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொது நூலகம், கல்லூரி நூலகம், பழைய மனமகிழ் மன்றம், ஆலைத் தொழிலாளர் வாசகசாலை, ஒன்றையும் விடவில்லை. அந்தக் குரலில் ‘ஒரு சின்ன உதவி’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லவே மனது வராது. புத்தகம்தான் இல்லை என்று வந்துகொண்டிருந்தது. சிலர் தேடாமலே இல்லை என்றார்கள், அவர்களை அவள் குரலிலேயே கண்டுபிடித்து மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். அண்ணன் ஒரு வாரம் தன் சிநேகிதர்களோடு பேச முடியாமல் புலம்பினார். மருந்துக்கடை அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் குண்டூசியே கூப்பிட்டு, இன்றைக்கும் கிடைக்கவில்லை என்று சொன்னாள். சொல்வது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் விடுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பழைய நெஞ்சக மருத்துவமனையின் நோயாளிகள் வாசகசாலையிலிருந்து பதில் வந்தது. வார்டு உதவியாளர்தான் அங்கே நூலகரும்.

“இருக்கும்மா, கரையோர விடுதி. ஆனா கிழிசல் இல்லாட்டியும் புத்தகம் சரியில்லை. நடுவுல கதை மாறிப்போகுது.”

“எங்க மாறுது?” என்றாள் நாத்தனார். குரல் அப்படியே இருந்தது, கை மட்டும் அண்ணியின் கையைப் பிடித்தது.

“விடுதிக்காரி கதை நடந்துக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஒரு ரயில் ஸ்டேஷன் வருது. எப்பவோ இருந்த நோயாளி யாரோ பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. ‘இது வேறு கதை. ஆனாலும் நல்ல கதை’ன்னு.”

நோயாளிகள் புத்தகத்தை வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லையாம். மூன்று பேரும் கிளம்பினார்கள். நாலு மணி நேரப் பேருந்து. மருந்துக்கடை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

“அதுலயும் இல்லைன்னா?”

“இருக்கும்மா,” என்றாள் நாத்தனார்.

“இல்லை, நான் கேட்கிறது அதில்லை. அம்மா அழுதுக்கிட்டே திரும்பி வந்தான்னு இருந்தா என்ன பண்றதுன்னு.”

குண்டூசிக்கும் அதே நினைப்புத்தான். பிழையாகவே விட்டிருந்தால்கூட இந்த அம்மாவுக்கு ஒரு மௌனம் மிஞ்சியிருக்கும். இப்போது எழுதியிருப்பது எழுதியபடி வரப்போகிறது. அதைத் திருத்த எந்தப் பேனாவும் கிடையாது.

வாசகசாலை ஒரு நீள அறை. இரண்டு அலமாரி, ஒரு மேஜை, நாலு நாற்காலி. வெளியே வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு சில நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வார்டு உதவியாளர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஓரமாகவே நின்றுகொண்டார். அவருக்கும் என்னவென்று தெரிய வேண்டியிருந்தது. நாத்தனார் தொண்ணூற்றேழைத் திறந்தாள். அடியில் த, கோடு, ஏழு. ஓரத்தில் மங்கலான பென்சில்.

குண்டூசி நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் படிக்க இவள் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள். “ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, முற்றுப்புள்ளி. இரண்டு வயது, கால்புள்ளி...”

“வேண்டாம்,” என்றாள் குண்டூசி. “புள்ளியெல்லாம் நான் பார்த்துக்கிறேன். நீ கதையாப் படி.”

நாத்தனார் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படித்தாள்.

‘ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வயது, மிஞ்சினால் இரண்டரை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். நிலைய அதிகாரியிடம் போய்க் கேட்டாள். “காலை வண்டி போனதிலிருந்து கிடக்கிறது, யாரும் தேடி வரவில்லை” என்றார் அவர், மறந்து வைத்த குடையைப் பற்றிச் சொல்வதுபோல. டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இது என் வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டாள். வேலை உத்தரவு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிள்ளையின் கால் குளிர்ந்திருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தாள்.’

வெளியே யாரோ இருமினார்கள், பிறகு அதுவும் நின்றது. நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

‘வண்டி வந்து நின்றது. டீச்சர் எழுந்தாள். பெட்டியைத் தூக்கினாள். பெஞ்சின் விளிம்பில் பிள்ளையின் தலை சரிந்து தொங்கியது. பெட்டியை அதன் தலைக்கு அணையாக வைக்கப் போனாள். தகரம் சில்லென்று இருக்குமே என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து, புது வேலைக்கென்று வாங்கி வைத்த பச்சைச் சேலையை எடுத்து, நாலாக மடித்துப் பெட்டிமேல் விரித்து, பிள்ளையின் தலையைத் தூக்கி அதில் வைத்தாள். “ஏறவில்லையா அம்மா?” என்று கேட்டுக்கொண்டே கார்டு கொடியை எடுத்தார். டீச்சர் உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தாள். வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்ளுமோ என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குப் பயம்.’

நாத்தனாருக்கு அதற்குமேல் குரல் வரவில்லை. முப்பது வருடம் எத்தனையோ பேர் அழுகையையும் சண்டையையும் இணைத்துக் கொடுத்தவள். ஒரு நாளும் நடுங்காத குரல்.

“பச்சை,” என்றார் மருந்துக்கடை அம்மா.

நாத்தனார் விரலைப் பக்கத்தில் வைத்தபடி நிமிர்ந்தாள்.

“எங்க வீட்டுல பச்சைச் சேலை ஒண்ணு இருந்துச்சு. அம்மா கட்டி நான் பார்த்ததே இல்லை. நான்தான் போத்திக்குவேன். காய்ச்சல் வந்தா அதைத்தான் கேட்பேன். கிழிஞ்சு நூலாப் போற வரைக்கும் வச்சிருந்தேன்.” கைப்பையைத் திறந்து, எதையோ தேடி, எதையும் எடுக்காமல் மூடினார். “அப்போ அம்மா வண்டியைத் தவறவிடலை.”

“இல்லம்மா,” என்றாள் குண்டூசி. “வண்டி அவங்க முன்னாடி வந்து நின்னுச்சு. போகட்டும்னு விட்டுட்டாங்க.”

“சித்தி தப்பாச் சொல்லிட்டா.”

“தப்புதான்.”

“அறுபது வருஷமா அதைச் சுமந்துக்கிட்டு இருந்தேன்,” என்று சொல்லி மருந்துக்கடை அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. குண்டூசி நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று பேருந்தில் வரும்போதே வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். பிழையில்லாத வாக்கியம். அது வரவில்லை.

“நான் கதையைப் படிக்காம விட்டுட்டேன்மா. இவ கேட்டா. நான் கேட்க விடலை.”

“இப்போதான் கேட்டுட்டீங்களே,” என்றார் அந்த அம்மா.

ஓரத்தில் நின்ற வார்டு உதவியாளர் மெதுவாகக் கேட்டார், “அப்போ எங்க விடுதிக்காரி கதையோட நடுப்பக்கம் உங்ககிட்ட இருக்கா? அவ கடன்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சாளா இல்லையான்னு இங்க மூணு பேர் பந்தயம் கட்டியிருக்காங்க.” இருக்கிறது, அடுத்த வாரமே அனுப்பிவைக்கிறோம் என்று நாத்தனார் வாக்குக் கொடுத்தாள். அந்த நாவலையும் பதிப்பாளர் விடப்போவதில்லை என்று குண்டூசிக்குத் தோன்றியது.

பிறகுதான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மேலே ‘ஒரு பிள்ளை’ என்று இரண்டு சொல் இருந்தது. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறும் கோடு. பேனா எப்போது கையிலிருந்து விழுந்தது என்றே தெரியவில்லை.

“எழுதிட்டீங்களா அண்ணி?”

“இல்லை. முதல்லேருந்து படி.”

“எழுத்தாவா, கதையாவா?”

“கதையாவே படி,” என்றாள் குண்டூசி. “எழுதறதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“கொஞ்சம் மெதுவாப் படிங்க,” என்றார் மருந்துக்கடை அம்மா.

நாத்தனார் தண்ணீர் குடித்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லை, ‘தகரப் பெட்டி’யின் தொண்ணூற்றாறாம் பக்கத்துக் கடைசிச் சொல்லை, முதலில் சொன்னாள்.

“பக்கத்தில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.”